ஈறு இறங்கினால் சதை ஒட்டலாமா? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

சிங்கப்பூரில் ஈறு சிகிச்சை செய்யும் பல் மருத்துவர் நான். ஈறு இறங்குவது, அங்கே சதையை எடுத்து ஒட்டும் கிராஃப்ட் சிகிச்சை இரண்டைப் பற்றியும் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். உங்கள் வாயைப் பார்க்காமல் சொல்கிறேன், அதனால் நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்வதையே கேளுங்கள்.

ஈசூனிலிருந்து: டாக்டர், கீழ் முன்பல்லில் ஈறு இறங்கி பல் நீளமாகத் தெரிகிறது. நல்லெண்ணெய் கொப்பளித்தால் பழையபடி ஆகுமா?

ஆகாதும்மா. எண்ணெயோ உப்புத் தண்ணீரோ விலை உயர்ந்த பற்பசையோ, எதுவுமே போன ஈறை வளர்த்துத் தராது. ஏன் இறங்கியது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். முரட்டு பிரஷ்ஷை வைத்து அழுத்தித் தேய்ப்பது, பல் காரை சேர்ந்து ஈறு வீங்கி எலும்பு கரைவது, பிறவியிலேயே மெல்லிய ஈறு, கம்பி போட்டு நகர்த்தும்போது பல் எலும்பை விட்டு வெளியே வந்துவிடுவது, உதட்டை ஈறோடு இணைக்கும் மெல்லிய சதை மடிப்பு இழுப்பது, புகையிலை என்று காரணங்கள் பல, ஒருவருக்கே இரண்டு மூன்று இருக்கும். காரணத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே சதையை ஒட்டினால் ஒட்டியதும் இறங்கும். அதனால்தான் என்னிடம் வருபவர்களை வீட்டு பிரஷ்ஷையும் எடுத்து வரச் சொல்லி, என் எதிரிலேயே தேய்க்கச் சொல்லிப் பார்க்கிறேன்.

பொங்கோலிலிருந்து: என் டாக்டர் "இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், பார்த்துக்கொண்டிருப்போம்" என்கிறார். நானே கிராஃப்ட் கேட்டு வாங்கிக்கொள்ளலாமா?

அவர் சொல்வது சரியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பல் கூச்சம் இல்லை, வேர் சொத்தையாகவில்லை, ஈறு மேலும் இறங்கவில்லை, பல்லைச் சுற்றிக் கெட்டியான ஈறு போதுமான அளவு இருக்கிறது என்றால் அளந்து படம் எடுத்து வைத்துக்கொண்டு அவ்வப்போது ஒப்பிட்டாலே போதும். கூச்சம் மட்டும்தான் தொல்லை என்றால் கூச்சத்துக்கான பற்பசையை முதலில் பாருங்கள். இறங்கிக்கொண்டே போகிறது, தேய்க்கவே முடியாத அளவுக்கு வலிக்கிறது, சிரிக்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றால் அப்போது கிராஃப்ட்டைப் பற்றிப் பேசலாம்.

தெம்பனிஸிலிருந்து: ஒட்டினால் வேர் முழுசாக மூடிவிடுமா?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும், கிளினிக்கும் நேராகப் பதில் சொல்ல வேண்டும். எவ்வளவு மூடும் என்பது பெரும்பாலும் பக்கத்துப் பல்லோடு சேரும் இடத்தில் எலும்பும், அங்கே முக்கோணமாக நிற்கும் ஈறும் எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஒட்டிய சதைக்கு ரத்தம் அந்தப் பக்கங்களிலிருந்துதான் வர வேண்டும், வெறும் வேருக்கு மேல் ரத்தக் குழாய் கிடையாது. ஈறு இறக்கத்துக்கு 1985ல் மில்லர் என்ற ஈறு நிபுணர் கொடுத்த வகைப்பாடும் 2011ல் கைரோ என்ற இன்னொரு நிபுணர் கொடுத்ததும் இதை வைத்துத்தான் பிரிக்கின்றன. இடையில் எலும்பு நன்றாக இருந்தால் முழுசாக மூட வாய்ப்பு உண்டு, கொஞ்சம் போயிருந்தால் பாதி மூடலாம், அதிகம் போயிருந்தால் மூடும் என்று நம்பி கத்தி வைக்க வேண்டாம். "கட்டாயம் நூறு சதவீதம்" என்று எக்ஸ்ரேகூடப் பார்க்காமல் யாராவது சொன்னால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

செங்காங்கிலிருந்து: ஒட்டுவதற்கான சதையை மேலண்ணத்தை உரித்து எடுப்பார்களாமே, அக்கா பயமுறுத்துகிறாள்.

உங்கள் அக்கா சொல்வதும் உண்டு. மேல்தோலோடு எடுக்கும் முறையில் அண்ணத்தில் திறந்த புண் இருக்கும், சூடாக எதுவும் பட்டால் உயிர் போகும். கீழ்ப் பல்லில் கெட்டியான ஈறு வேண்டும் என்றால் அதுதான் நல்லது. ஆனால் வேரை மூடுவதற்கு அதிகம் செய்வது இணைப்புத் திசு கிராஃப்ட். உறையைத் திறந்து உள்ளே இருக்கும் கடிதத்தை மட்டும் எடுத்துவிட்டு மூடுவது மாதிரி, தோலுக்கு அடியில் இருக்கும் சதையை எடுத்துத் தைத்துவிடுவார்கள், வலி பொதுவாகக் குறைவு. பக்கத்துப் பல்லின் ஈறையே நகர்த்தி மூடுவதும் உண்டு, அதற்கு அங்கே தாராளமாக ஈறு இருக்க வேண்டும். எல்லாமே பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியோடு, விழித்திருக்கும்போதே நடப்பவை.

பிடோக்கிலிருந்து ஒரு சகோதரர்: அண்ணத்திலிருந்து எடுக்காமல் வேறு பொருள் வைக்கலாம் என்கிறார்கள். நாங்கள் முஸ்லிம்கள், அது எதிலிருந்து வருகிறது?

இதைக் கேட்கத் தயங்கவே வேண்டாம். ஈறுக்கு வைக்கும் கொலாஜன் தகடுகளில் பல பன்றியிலிருந்து வருபவை, எம்டோகெய்ன் என்ற ஜெல்லும் அப்படித்தான். மாட்டிலிருந்து எடுத்ததும் உண்டு, அதனால் இந்து வீடுகளிலும் கேட்கிறார்கள். தானமாகக் கொடுத்த மனிதத் தோலைப் பதப்படுத்திய தகடும் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பொருளின் பெயரையும் மூலத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எதுவுமே வேண்டாம் என்றால் உங்கள் சொந்த அண்ணம் இருக்கவே இருக்கிறது, பலன் என்று பார்த்தாலும் அதுதான் முன்னால் நிற்கிறது.

ஜூரோங்கிலிருந்து: செலவுக்கு மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கென்று இருக்கும் கட்டாயச் சேமிப்புக் கணக்கு) எடுக்கலாமா?

மருத்துவக் காரணத்துக்காகச் செய்யும் பல் அறுவை சிகிச்சைக்கு எடுக்கலாம், வரம்பு உண்டு, அழகுக்காக மட்டும் என்றால் முடியாது. கிளினிக் மெடிசேவில் சேர்ந்திருக்க வேண்டும். அவசரம் இல்லையென்றால் பலதுறை மருந்தகம் போய் தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள், சலுகைக் கட்டணம் கிடைக்கும், காத்திருக்க வேண்டிவரும். தனியார் என்றால் ஈறு நிபுணராகப் பதிவு செய்தவரா என்று சிங்கப்பூர் பல் மருத்துவ மன்றத்தின் பட்டியலில் பார்த்துவிட்டுப் போங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து: எனக்குச் சர்க்கரை, கணவர் சிகரெட் பிடிப்பார். இருவருக்குமே கிராஃப்ட் செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் செய்யலாம். சிகரெட்டை நிறுத்தாமல் செய்தால் ஒட்டு பிடிக்காமல் போகும் ஆபத்து அதிகம், அவரிடம் இதைக் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாகவே நிறுத்தக் கூடாது.

அங் மோ கியோவிலிருந்து: செய்து அஞ்சு நாள் ஆகிறது. ஒட்டிய இடம் வெள்ளையாக இருக்கிறது, செத்துவிட்டதா?

முதல் வாரத்தில் மேல்தோல் வெளுத்து உரிவது சாதாரணம், அடியில் ரத்தக் குழாய்கள் வளர்ந்துகொண்டிருக்கும். நீங்கள் முக்கியமாகச் செய்யக் கூடாதது ஒன்று: கண்ணாடி முன்னால் நின்று உதட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பது. ஒட்டு அசைந்தால் அந்தப் புது ரத்தக் குழாய்கள் அறுந்துவிடும். தையல் பிரிக்கும் வரை அந்த இடத்தில் பிரஷ் படக் கூடாது, கொடுத்த மவுத்வாஷ் போதும், அதோடு தே, காப்பி குடித்தால் பல்லில் கறை பிடிக்கும், பிறகு தேய்த்து எடுத்துவிடலாம். ஆறிய கஞ்சி, தயிர் சாதம், இட்லி சாப்பிடுங்கள், முறுக்கும் சம்பாலும் கொஞ்ச நாள் வேண்டாம். ஈரத் துணியை மெதுவாக அழுத்திப் பிடித்து இருபது நிமிடம் ஆகியும் ரத்தம் நிற்கவில்லை, சீழ் வருகிறது, காய்ச்சல், வீக்கம் கூடிக்கொண்டே போகிறது என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே கிளினிக்கைக் கூப்பிடுங்கள்.