ரயில் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது ஏன் நின்றுபோனது?

கேள்வி: முன்பெல்லாம் ரயில் நின்றதும் ஒருவர் நீளக் காம்பு போட்ட சுத்தியலால் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவாராமே? இப்போது எப்படிச் சோதிக்கிறார்கள்?

நான் டர்பனில் சரக்கு வேகன் பராமரிப்பில் வேலை பார்ப்பவன். கருவிகள் வந்ததால் சுத்தியல் போய்விட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான். சக்கரமே மாறிவிட்டது என்பதுதான் மீதி.

அந்தக் காலத்து ரயில் சக்கரம் இரண்டு துண்டு. நடுச்சக்கரத்தின் மேல் எஃகு டயரைச் சூடாக்கி மாட்டுவார்கள். ஆறும்போது சுருங்கி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் கொல்லர் இரும்புப் பட்டை போடுவது போலத்தான். பிரேக் கட்டை உரசி உரசி டயர் சூடேறினால் அந்தப் பிடி தளரும். தளர்ந்ததையும் பெரிய விரிசலையும் சுத்தியல் காட்டிக்கொடுக்கும். நல்ல சக்கரம் கணீரென்று ஒலிக்கும். கெட்டது மந்தமாக, சட்டென்று அடங்கிவிடும். தட்டுகிறவர் அப்படியே அச்சின் முனையைத் தாங்கும் அச்சுப்பெட்டியின் மேல் புறங்கையை வைத்துச் சூடும் பார்த்துவிடுவார்.

ஆனால் சுத்தியலுக்குக் கேட்காதது நிறைய உண்டு. முக்கியமாக அச்சு. சக்கரம் இறுக்கி ஏற்றப்பட்ட இடத்துக்கு உள்ளே அச்சில் மயிரிழை விரிசல் விட்டால் ஒலியில் ஒரு வித்தியாசமும் தெரியாது. 1842 மே மாதம் பிரான்சில் வெர்சாய் அருகே இன்ஜின் அச்சு முறிந்து பெரும் விபத்து நடந்தது. பார்வைக்கு நன்றாக இருக்கும் உலோகம் திரும்பத் திரும்பப் பாரம் பட்டே களைத்து உடையும் என்பதைப் பொறியாளர்கள் தீவிரமாக ஆராயத் தொடங்கியது அதன் பிறகுதான். இன்று அச்சின் முனையில் அல்ட்ராசோனிக் கருவியை வைத்து ஒலியலையை உள்ளே அனுப்புகிறோம். விரிசல் இருந்தால் அங்கிருந்து எதிரொலி வரும்.

டயர் தனியாக, சக்கரம் தனியாக என்ற அமைப்பு போய், ஒரே துண்டாகச் செய்த சக்கரம் வந்ததும் தளர்வதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. சுத்தியலின் முதல் வேலை அத்தோடு முடிந்தது. டயர் வைத்த சக்கரம் எவ்வளவு ஆபத்தாகும் என்பதற்கு ஜெர்மனியின் ஏஷெடே சாட்சி. 1998 ஜூன் 3 அன்று அதிவேக ரயில் ஒன்றின் சக்கர டயர் உடைந்து 101 பேர் இறந்தார்கள். டயருக்கும் நடுச்சக்கரத்துக்கும் இடையே ரப்பர் வைத்த சக்கரம் அது. விரிசல் டயரின் உட்புறத்தில் தொடங்கியிருந்தது. வெளியே நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

தென்னாப்பிரிக்காவுக்கு வருகிறேன். டர்பனில் ரயில் ஓடத் தொடங்கியது 1860 ஜூனில். அதே ஆண்டு நவம்பரில்தான் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் முதல் ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கினார்கள். பின்னாளில் நேட்டால் ரயில்வே ஏராளமான இந்தியர்களை வேலைக்கு வைத்தது. இந்தத் தண்டவாளங்களில் நம்மவர்களின் உழைப்பு எவ்வளவு கிடக்கிறது என்பது இங்கே உள்ள இளைஞர்கள் பலருக்கே தெரியாது, அதனால்தான் சொல்கிறேன். எங்கள் பணிமனையில் ஒரு மூத்தவர் இருக்கிறார், எல்லோருக்கும் அங்கிள். அவருடைய தாத்தா டர்பன் ரயில்வே பாரக்ஸில் குடியிருந்து சரளைக்கல் கொட்டியவர். அங்கிளுக்கு வாயில் வரும் தமிழ் கொஞ்சம்தான், ஆனால் என்னைக் கூப்பிடுவது "தம்பி" என்றுதான். தண்டவாளத்தை விட்டு விலகாமல் சக்கரத்தைத் தடுக்கும் உள்விளிம்பில் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டிவிட்டு, "தம்பி, இது தேஞ்சிருச்சு, கேஜ் வை" என்பார். தேய்மானம் அளக்கும் அந்தக் கேஜை வைத்தால் எல்லையை ஒட்டியே நிற்கும்.

அந்த உள்விளிம்புதான் இங்கே பெரிய தலைவலி. டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் பாதை ஏற்றமும் வளைவுமாக ஏறுவது. ஒவ்வொரு வளைவிலும் விளிம்பு தண்டவாளத்தில் உரசும். 1970களில் தென்னாப்பிரிக்க ரயில்வேயில் இருந்த ஹெர்பர்ட் ஷெஃபல் இதற்கு வழி கண்டார். முன்னச்சையும் பின்னச்சையும் குறுக்காகக் கம்பிகளால் இணைத்து, வளைவில் இரண்டும் தாமாகத் திரும்பும்படி போகியை, அதாவது வேகனுக்கு அடியில் அச்சுகளைத் தாங்கும் சட்டகத்தை, அமைத்தார். ஓடித் தேய்ந்த சக்கரம் என்ன வடிவத்துக்கு வருமோ, அந்த வடிவத்திலேயே புதுச் சக்கரத்தையும் கடைந்தார். தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. சோதனையில் கண்டுபிடிப்பதைவிட, கண்டுபிடிக்க வேண்டிய பழுதே வராமல் செய்வது பெரிய விஷயம். என்னைக் கேட்டால், இந்த நாட்டு ரயில்வேயின் தலைசிறந்த சாதனை இதுதான்.

அப்புறம் நீளக் கணக்கு. சிஷெனிலிருந்து சல்தான்யா துறைமுகத்துக்கு 861 கிலோமீட்டர் இரும்புத்தாதுப் பாதை. அதில் 342 வேகன் ரயில்கள் ஓடுகின்றன. வேகனுக்கு எட்டு என்றால் 2,736 சக்கரம். ஒன்றுக்குப் பத்து நொடி கொடுத்துத் தட்டினால் ஏழரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடக்கிற நேரம் தனி. அதனால் ஓடுகிற ரயிலையே சோதிக்க வேண்டியிருக்கிறது. தண்டவாளத்தில் ஒட்டிய உணரிகள் ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு விசையோடு அடிக்கிறது என்று அளக்கும். பிரேக் பிடித்துச் சறுக்கித் தட்டை விழுந்த சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓங்கி அடிக்கும், அங்கேயே மாட்டிக்கொள்ளும். பாதையோர அகச்சிவப்புக் கருவி பேரிங் சூட்டைப் பார்க்கும். ஒரே அச்சின் ஒரு முனை மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் சந்தேகம்தான். ஒவ்வொரு முறையும் அளவு பதிவாவதால், ஒரு சக்கரம் மெல்ல மெல்லக் கெட்டு வருவதை முன்கூட்டியே பார்க்கலாம். சுத்தியலால் முடியாதது இதுதான். அது அன்றைய நிலையை மட்டுமே சொல்லும்.

சரி, அப்படியானால் மனிதன் தேவையில்லையா? தேவை. கருவிக்கு மின்சாரம் வேண்டும், கேபிள் வேண்டும். செம்புக் கேபிள் திருட்டு இங்கே எவ்வளவு என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். யார்டில் டார்ச்சோடு நடக்கிறவர் பார்ப்பது வேறு: ஒட்டிக்கொண்ட பிரேக் கட்டை, சக்கரத்தின் ஓடுபரப்பில் குறுக்கே ஓடும் வெப்ப விரிசல், சூட்டில் நிறம் மாறிய எஃகு. அளவுக்கு மீறிச் சூடேறி ஆறிய சக்கரத்தில் உலோகத்தைப் பிளக்கப் பார்க்கும் இழுவிசை உள்ளேயே தங்கிவிடும். பிறகு சின்ன விரிசலும் வேகமாக வளரும். ஓடுபரப்புக்கும் அச்சுக்கும் இடையே உள்ள நடுத்தகடு வரை நிறம் மாறிய சக்கரம் என் ஷிப்டில் கண்ணில் பட்டால், கேஜ் அளவு சரியாகவே இருந்தாலும் அந்த வேகனைக் கழற்றி நிறுத்திவிடுவேன்.