கம்ப்யூட்டர் விற்பனை சரிகிறது என்பதற்காகப் பழகிய பிராண்டை விட்டுவிட வேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இதுதான். குன்னூரில் சின்ன அலுவலகம். பல வருடமாக ஒரே பிராண்டில்தான் டெஸ்க்டாப்பும் லேப்டாப்பும் வாங்கி வருகிறீர்கள். உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர் விற்பனை இறங்கிவிட்டது, உங்கள் பிராண்டும் அதில் அடக்கம் என்று படித்திருக்கிறீர்கள். "போகிற கம்பெனிக்கு எதற்கப்பா காசைக் கொட்டுறீங்க" என்று மகன் கேட்கிறார். விசுவாசமாக இருப்பதா, மாறுவதா?

விற்பனைக் கணக்கை மட்டும் பார்த்து மாற வேண்டாம். உங்கள் மெஷினுக்கு உதிரி பாகம் அந்தக் கம்பெனியை விட்டால் வேறு யாரிடமாவது கிடைக்குமா? முடிவை அதை வைத்து எடுங்கள். கோத்தகிரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவன் நான். டீ ஃபேக்டரி அலுவலகங்கள், பள்ளிகள், ஒன்றிரண்டு தங்கும் விடுதிகள், இவைதான் என் வாடிக்கை. எந்த பிராண்டுக்கும் டீலர் இல்லை, அதனால் யார் பக்கமும் சாய வேண்டிய அவசியம் கிடையாது.

முதலில் அந்தச் சரிவையே கொஞ்சம் பார்ப்போம். கம்ப்யூட்டர் விற்பனை உச்சத்தில் இருந்தது 2011-ல். அந்த ஒரு வருடத்தில் உலகம் முழுக்கச் சுமார் 36 கோடி மெஷின் போனது. அதற்கப்புறம் ஏழு வருடம் இறங்குமுகம்தான். மெயில் பார்க்க, படம் பார்க்க, டிக்கெட் போட எல்லாவற்றுக்கும் ஃபோன் போதும் என்றாகிவிட்டது. பிறகு கொரோனா வந்தது. வேலையும் பள்ளியும் வீட்டுக்குள் வந்ததும் 2021-ல் விற்பனை மறுபடி 34 கோடி அளவுக்கு ஏறியது. அந்த அவசரத்தில் வாங்கியவர்கள் அடுத்த வருடமும் வாங்குவார்களா என்ன? 2022-ல் ஆறில் ஒரு பங்கு குறைந்தது. 2023-ல் இன்னும் இறங்கியது. விற்பனையைக் கணக்கெடுக்கும் ஆய்வு நிறுவனங்களில் கார்ட்னர் கணக்கில் 24 கோடி சொச்சம், ஐடிசி கணக்கில் 26 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. 2024-ல் லேசாக நிமிர்ந்தது. மகன் காட்டிய செய்தி இந்தக் கொரோனா ஏற்றத்துக்குப் பின்னால் வந்த இறக்கத்தைப் பற்றியதாக இருந்தால், அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

இன்னொரு காரணத்தை என் வேலை மேசையிலேயே பார்க்கிறேன். முன்பெல்லாம் நாலைந்து வருடம் ஓடிய மெஷின், ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஒரு டீ குடித்து வந்தால்தான் தயாராகும். சலித்துப்போய் புதிதாக வாங்கினார்கள். இப்போது ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமை 8 ஜி.பி. ஆக்கிவிட்டால், 2015 வாக்கில் வாங்கிய ஐ5 மெஷின் டேலியையும் பிரவுசரையும் தாராளமாகத் தாங்குகிறது. பச்சை இலை எடைக் கணக்கு ஏற்றவும், மாதக் கடைசியில் சிறு விவசாயிகளுக்குப் பட்டுவாடா பட்டியல் எடுக்கவும் இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆக, அந்த ஃபேக்டரி புது மெஷின் வாங்கவில்லை. கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இது விற்பனை இழப்பு. வாங்கியவருக்கோ போட்ட காசுக்கு மேல் உழைத்த மெஷின். நன்றாக உழைத்தது என்பதற்காக ஒரு பிராண்டைக் கைவிடுவது எனக்கு வேடிக்கையாகத்தான் படுகிறது.

சரி, சரிவு எப்போது நம் தலையில் விடியும்? கம்பெனி அந்தத் தொழிலையே விட்டுவிட்டுப் போகும்போது. சோனி 2014-ல் வயோ என்ற தன் கம்ப்யூட்டர் பிரிவைக் கைமாற்றியது. தோஷிபா 2018-ல் தன் கம்ப்யூட்டர் பிரிவின் 80 சதவீதத்துக்கு மேல் ஷார்ப்பிடம் விற்றது, பெயரும் டைனாபுக் என்று மாறியது. சந்தை சுருங்கும்போது முதலில் கடையைக் கட்டுவது சிறிய பங்கு வைத்திருப்பவர்கள்தான். அவர்கள் விட்ட இடத்தைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். உலக விற்பனையில் பாதிக்கு மேல் இன்று லெனோவோ, எச்.பி., டெல் ஆகிய மூன்று பேர் கையில் இருக்கிறது. உங்கள் பிராண்டு இந்த மூன்றில் ஒன்று என்றால் அது ஒட்டுமொத்தச் சரிவால் நாளைக்கே காணாமல் போகும் என்று நான் நினைக்கவில்லை. கைமாறினாலும் எல்லாமே கெட்டுப்போகும் என்று இல்லை. ஐ.பி.எம். தன் கம்ப்யூட்டர் பிரிவை 2005-ல் லெனோவோவுக்குக் கொடுத்தது. ஐ.பி.எம். காலத்து திங்க்பேட் லேப்டாப் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

கம்பெனி போய்விட்டாலும்கூட எல்லோருக்கும் ஒரே மாதிரி அடி விழுவதில்லை. எச்.சி.எல். நினைவிருக்கிறதா? புதுச்சேரி ஃபேக்டரியிலிருந்து வந்த டெஸ்க்டாப்புகள் ஒரு காலத்தில் இங்கே எந்தப் பள்ளியில் நுழைந்தாலும் இருக்கும். 2013-ல் அவர்கள் கம்ப்யூட்டர் தயாரிப்பையே நிறுத்தினார்கள். அதே வருடம் விப்ரோவும் நிறுத்தியது. அப்போது என்ன ஆயிற்று? பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். போனால் கோயம்புத்தூரில் கிடைக்கும் ஏதோ ஒரு எஸ்.எம்.பி.எஸ். அதில் உட்கார்ந்தது. ரேம், டி.வி.டி. டிரைவ், கீபோர்டு எல்லாம் பொது அளவு. மதர்போர்டே போனாலும் அதே கேபினட்டில் வேறொன்றைப் பூட்டி ஓட்டினோம். முன்பக்கம் எச்.சி.எல். என்ற எழுத்து மட்டும் மிச்சம்.

நீலகிரிக்காரர்களுக்கு இது புதுக் கதையும் இல்லை. ஊட்டி இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், நம் வாயில் எச்.பி.எஃப்., 1960-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். 1967-லிருந்து ஃபிலிம் தயாரித்தார்கள். இந்து பிராண்டு ரோலும் எக்ஸ்ரே ஃபிலிமும் நாடு முழுக்கப் போயின. என் பெரியப்பா அங்கே வேலை பார்த்தவர், வீட்டில் வேறு கம்பெனி ரோலைக் கண்ணில் காட்டினால் கோபம் வரும். டிஜிட்டல் கேமராதான் அதைக் கொன்றது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் டிஜிட்டல் கேமரா நம் கடைகளுக்கு வருவதற்கு முன்பே, 90-களின் நடுவிலேயே, அது நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. டிஜிட்டல் வந்து ஃபிலிம் சந்தையே சுருங்கிய பிறகு கோடாக் 2012-ல் திவால் மனு கொடுத்தது, ஃபியூஜிஃபிலிம் வேறு தொழில்களில் கால் ஊன்றிப் பிழைத்துக்கொண்டது. ஒரே சந்தை, ஒரே சரிவு, கதி மட்டும் வேறு வேறு. இதனால்தான் மொத்த விற்பனைப் படத்தைப் பார்த்து ஒரு கம்பெனியின் ஜாதகத்தைச் சொல்ல முடியாது என்கிறேன்.

எச்.பி.எஃப். மூடியதில் யாருக்கு நஷ்டம் என்றும் யோசித்துப் பாருங்கள். அங்கே வேலை பார்த்த குடும்பங்களுக்கு. இந்து ரோல் வாங்கிக்கொண்டிருந்தவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, ரோலின் அளவு பொது அளவு என்பதால் அதே கேமராவில் வேறு கம்பெனி ரோலைப் போட்டுக்கொண்டார்.

லேப்டாப் அப்படி இல்லை. ஒவ்வொரு மாடலுக்கும் தனி மதர்போர்டு, தனி பேட்டரி, தனி கீல், தனி டிஸ்ப்ளே கேபிள். எனக்குத் தெரிந்த ஒரு ஃபேக்டரி மேனேஜரிடம் ஒரு வெளிநாட்டு பிராண்டு லேப்டாப் இருந்தது. அருமையான மெஷின், அதில் குறையே சொல்ல முடியாது. அந்தக் கம்பெனி இந்தியாவில் லேப்டாப் விற்பதை நிறுத்திய கொஞ்ச நாளில் மூடியின் கீல் உடைந்து டிஸ்ப்ளே கேபிளையும் இழுத்துக்கொண்டது. கோயம்புத்தூரில் தேடினோம், இல்லை. கடைசியில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய மெஷின் ஒன்றிலிருந்து கழற்றிய கீல் கிடைத்தது. கேபிள் கிடைக்கவில்லை. தனி மானிட்டரைச் செருகி மேசையிலேயே நிரந்தரமாக வைத்துவிட்டார். பேட்டரி விஷயத்தில் இன்னும் மோசம். ஒரிஜினல் நின்றுபோனால் டூப்ளிகேட்தான் கதி, அதில் எது எப்போது உப்பும் என்று யாருக்கும் தெரியாது.

நம் ஊர்ச் சீதோஷ்ணமும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் விடாமல் பெய்து மூட்டம் உள்ளே வரும் அறைகளில், சார்ஜர் முனையிலும் யு.எஸ்.பி. ஓட்டைகளிலும் பச்சைக் களிம்பு ஏறிவிடும். சமவெளியில் ஓடுவதைவிட இங்கே பாகம் மாற்றும் வேலை அதிகம். குன்னூர்–மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் பார்சல் கோத்தகிரி வழியாகச் சுற்றித்தான் உங்களுக்கு வரும். ஆகவே 'உலக விற்பனை எவ்வளவு' என்பதைவிட 'இந்த மாடலுக்குக் கோயம்புத்தூரில் பாகம் இருக்கிறதா' என்பதுதான் நமக்குப் பெரிய கேள்வி.

விசுவாசம் என்ற வார்த்தையைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். 1997-ல் ஆப்பிள் ஒரே நிதியாண்டில் 100 கோடி டாலருக்கு மேல் நஷ்டத்தில் இருந்தது. பங்குதாரர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூடிவிடலாம் என்று டெல் கம்பெனியைத் தொடங்கிய மைக்கேல் டெல் வெளிப்படையாகவே சொன்னார். அதே வருடம் மைக்ரோசாஃப்ட் 15 கோடி டாலர் முதலீடு செய்தது, அடுத்த வருடம் ஐமேக் வந்தது, பிழைத்தார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1994-ல், கமோடோர் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி மூடப்பட்டது. அதன் அமீகா கம்ப்யூட்டரை வைத்திருந்தவர்களின் பாசம் ஆப்பிள்காரர்களின் பாசத்துக்கு ஒரு மாற்றுக் குறைந்தது இல்லை. பாசம் கம்பெனியைக் காப்பாற்றவும் இல்லை, அவர்களுக்குப் பாகம் வாங்கித் தரவும் இல்லை. கம்பெனியும் நம்மிடம் அப்படி ஒன்றும் பாசமாக இருப்பதில்லை. ஆப்பிளே ஒரு மாடலை விற்பது நிறுத்தி ஏழு வருடம் ஆனால், பொதுவாக அதற்கான சர்வீஸையும் நிறுத்திவிடுகிறது. அது அவர்கள் வியாபாரம், அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நீங்களும் அதே கண்ணால் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். டெஸ்க்டாப்பில் பிராண்டைப் பற்றிக் கவலையே வேண்டாம், பொது அளவு எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மதர்போர்டும் உள்ள கேபினட்டாக இருக்கும் வரைக்கும். பெரிய பிராண்டுகளே இப்போது டெஸ்க்டாப்பில் தங்களுக்கென்று தனி வடிவத்தில் எஸ்.எம்.பி.எஸ். போடத் தொடங்கிவிட்டன. சின்னப் பெட்டியாக அழகாக இருக்கும், போனால் அவர்களிடமே போக வேண்டும். வாங்கும் முன் பக்கத் தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். லேப்டாப்பில் பழகிய பிராண்டிலேயே இருக்கலாம், ஆனால் வீட்டு உபயோக மாடலை விட்டுவிட்டு அதே கம்பெனியின் அலுவலக வரிசை மாடலை வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஒரே மாடல் ஆயிரக்கணக்கில் அலுவலகங்களுக்குப் போவதால் பழைய பாகம் சந்தையில் நிறையப் புழங்கும், கழற்றி மாட்டுவதும் சுலபம்.

வாரண்டியை ஆன்சைட்டாக, அதாவது ஆள் உங்கள் இடத்துக்கே வந்து பழுது பார்ப்பதாக எடுங்கள். எடுக்கும் முன் உங்கள் பின்கோடைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். ஆன்சைட் என்று அச்சடித்திருந்தாலும் 643-ல் தொடங்கும் பின்கோடு என்றதும் சில இடங்களில் "மெஷினைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்துவிடுங்கள் சார்" என்று பதில் வரும்.

புதிதாக வாங்க வேண்டிய உண்மையான நெருக்கடி உங்களுக்கு இருந்தால் அது விண்டோஸால் வந்ததாகத்தான் இருக்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் பிராசஸரில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய மெஷின்களை முறைப்படி ஏற்காது. எந்த பிராண்டாக இருந்தாலும் இதே கதிதான். பேங்க் வேலை, ஜி.எஸ்.டி. வேலை நடக்கும் மெஷினை மட்டும் முதலில் மாற்றுங்கள். மற்றவை பில் அடிக்கவும் கடிதம் தட்டவும்தான் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டு ஓட்டலாம். அரசு இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்ததே, உங்கள் மகன் படிக்கும்போது அதைத் தொட்டுப் பார்த்திருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள்.