வேலைத்தலத்தில் கைத்தொலைபேசி வழியாகப் பெண்களுக்கு வரும் தொல்லையைத் தடுக்க நிர்வாகம் என்ன செய்யலாம்?

முதலில் படம் எடுப்பதை நிறுத்தலாம். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் ஒன்பது வருடம் லிகிதராக இருந்தவள் என்பதால் சொல்கிறேன்.

மலையில் வேலை நடக்கிறது என்று மேலிடத்துக்குக் காட்ட, வெளிக்கள உத்தியோகத்தர்கள் கொழுந்து பறிக்கும் பெண்களைத் தினமும் படம் பிடித்து வட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். மழையில் நனைந்து, இடுப்பில் படங்கு கட்டி, குனிந்து நிற்கும் பெண்கள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. குழுவில் நாற்பது பேர். என்னையும் சேர்த்து மூன்றே பெண்கள். ஒருநாள் அப்படி ஒரு படம், கீழே அசிங்கமான ஒரு வரியோடு, டவுனில் கடை வைத்திருக்கும் ஒருவரின் போனில் கிடந்தது. அதைப் படத்திலிருந்த அக்காவிடம் கொண்டுவந்து காட்டியது அந்த அக்காவுடைய சொந்த மகன்.

அனுப்பியவனைப் பிடிப்போம் என்றார் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை. பிடிக்கட்டும். மாதர் சங்கத் தலைவியும் நானும் போய் வேறொன்றைக் கேட்டோம்: "கிலோக் கணக்கு தராசில் இருக்கிறது, பெயர் செக்ரோலில் (வேலைப் பதிவேட்டில்) இருக்கிறது, பிறகு முகம் எதற்கு ஐயா?" பதில் வர இரண்டு வாரமானது. அதன்பிறகு செடியை மட்டும்தான் படம் எடுக்கிறார்கள்.

பெண்களின் தொலைபேசி எண்களைச் சுவரில் ஒட்டிவைப்பதும் இதே வகை அலட்சியம்தான். (ரீலோட் கடைக் கொப்பியில் எண்ணை எழுதிவிட்டு வருவதும் அப்படியே; ரீலோட் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.) அலுவலகத்துக்கென்று ஒரு போன் போதும். முறைப்பாட்டைக் கேட்பவர் அந்தப் பெண்ணுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவராக இருக்கக் கூடாது. எங்கள் குழுவின் அட்மினே வெளிக்கள உத்தியோகத்தர்தான். அவரிடம் போய் யார் சொல்வார்கள்?

தொல்லை வந்துவிட்டால் பயத்தில் அழித்துவிடாதீர்கள். எண்ணும் திகதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பிக்கையான இன்னொருவருக்கு அனுப்பிவிட்டுப் பிறகு பிளாக் செய்யுங்கள். அனுப்பியவனே 'எல்லோருக்கும் அழி' என்பதை அழுத்திவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால், ஸ்டாப்என்சிஐஐ (StopNCII.org) என்ற இணையத்தளம் இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் எண்வடிவ அடையாளம் மட்டும் முகநூல், இன்ஸ்டகிராம் போன்றவற்றுக்குப் போய், அதே படம் அங்கே ஏறாமல் தடுக்க உதவும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1995 இல் திருத்தப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 345 ஆம் பிரிவில் பாலியல் தொந்தரவுக்கு ஐந்து வருடம் வரை சிறை உண்டு. வேலைத்தலத்தில் அதிகாரத்தில் இருப்பவர் வார்த்தையால் செய்வதும் அதில் அடங்கும். பொலிஸுக்குப் போகத் தயக்கமென்றால் பெண்களுக்கான 1938 என்ற இலக்கத்துக்கு முதலில் பேசலாம்.

அந்த அக்கா பொலிஸுக்குப் போகவில்லை. மகளுக்குக் கல்யாணம் பேசும் நேரம் என்றார். நான் வற்புறுத்தவில்லை. ஸ்கிரீன்ஷாட்டை மட்டும், அவர் சொல்லித்தான், இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.