கரண்ட் பில் அவர் பெயரில், பிள்ளைகள் என்னிடம்: என் பதில்
புதுச்சேரிக்குப் போய்விட்ட கணவர் 'கடலூர் முதுநகர் வீட்டு கரண்ட் பில்லை இனிக் கட்டமாட்டேன்' என்கிறார், இணைப்பு அவர் பெயரில், நான் கட்டினால் செல்லுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் செல்லும் சகோதரி, மீட்டர் அட்டையில் உள்ள சர்வீஸ் நம்பர் போதும், யார் வேண்டுமானாலும் கட்டலாம். கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள்தான் கெடு, அதனால் கோபத்தை அப்புறம் வைத்துக்கொண்டு முதலில் கட்டுங்கள், பையன் பத்தாவது படிக்கிறான் என்கிறீர்களே. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பிள்ளைகளின் செலவு தனி விஷயம்: பிரிந்திருந்தாலும் அப்பாவின் பொறுப்பு போகாது, பிஎன்எஸ்எஸ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம்) 144-வது பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம், வழக்கு முடியும்வரை இடைக்காலத் தொகையும் உண்டு. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் கடலூர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசம். கரண்ட் பில் கட்டிய ரசீதுகளையும் எடுத்துப் போங்கள்.