ரூட் அனுமதி இல்லாமல் நிறுவுவது எப்படி?

கேள்வி: யூனிக்ஸ் சர்வரில் எனக்கு ரூட் அனுமதி (நிர்வாகிக்கான முழு அதிகாரம்) கிடையாது. ஹோம் டைரக்டரியிலேயே ஒரு லைப்ரரியையும் (பிற நிரல்கள் பயன்படுத்தும் குறிமுறைத் தொகுப்பு) அதைச் சார்ந்த மென்பொருளையும் கம்பைல் செய்தேன். பிழையே வரவில்லை, ஆனால் ஓட்டினால் லைப்ரரி கிடைக்கவில்லை என்கிறது. ஏன்?

பதில்: கம்பைல் செய்யும்போது லைப்ரரியைத் தேடுவது லிங்க்கர், ஓடும்போது தேடுவது லோடர். லிங்க்கருக்கு நீங்கள் காட்டிய பாதை லோடருக்குத் தானாகப் போய்ச் சேராது, அது சிஸ்டத்தின் வழக்கமான இடங்களில் மட்டும் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிடும். முதலில் அந்த நிரலின் மேல் எல்டிடி (ldd) கட்டளையை ஓட்டுங்கள், நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகள் எங்கே கிடைக்கின்றன என்று அது காட்டும். எந்த வரியில் 'நாட் ஃபவுண்ட்' என்று வருகிறதோ, சிக்கல் அங்கேதான். அவசரத்துக்கு லோடர் கூடுதலாகத் தேட வேண்டிய இடங்களைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் (LD_LIBRARY_PATH) மாறியில் உங்கள் லிப் டைரக்டரியைச் சேர்த்தால் ஓடிவிடும். ஆனால் தயவுசெய்து அதை ஷெல்லின் தொடக்கக் கோப்பில் நிரந்தரமாக எழுதிவைக்காதீர்கள், சம்பந்தமே இல்லாத நிரல்களும் உங்கள் லைப்ரரியை எடுத்துக்கொண்டு மக்கர் செய்யும், காரணம் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நான் எப்போதும் செய்வது ஆர்பாத் (rpath), அதாவது லோடர் தேட வேண்டிய பாதையை நிரலிலேயே எழுதிவைப்பது: லிங்க்கருக்கான விருப்பங்களைத் தரும் எல்டிஃப்ளாக்ஸில் (LDFLAGS) அந்தப் பாதையை ஆர்பாத்தாகக் கொடுத்து மறுபடி லிங்க் செய்தால் அது நிரலுக்குள்ளேயே பதிந்துவிடும். அப்புறம், அடுத்த முறை லைப்ரரி, மென்பொருள் இரண்டுக்கும் கம்பைலுக்கு முன் ஓட்டும் கான்ஃபிகரில் (configure) ஒரே ப்ரிஃபிக்ஸ், அதாவது நிறுவவேண்டிய டைரக்டரி, கொடுங்கள்.