சோற்றைக் குறைத்துவிட்டு பிரெட்டும் ஓட்ஸும் சாப்பிட்டால் பிரஷர் இறங்குமா?

அப்பாவுக்கு பிரஷர் என்று தெரிந்ததும் ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டு பிரெட், ஓட்ஸ், கார்ன்ஃபிளேக்ஸ் என்று மாற்றிவிட்டதாகவும், அது சரிதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. மதுரையில் மாமாவின் பேக்கரியில் ஒன்பது வருஷம் மாவு பிசைந்தவன். எங்கள் அம்மா பிரஷர்காரி. இந்த இரண்டு தகுதியில்தான் எழுதுகிறேன்.

விடியற்காலை மூன்றரைக்குக் கடையைத் திறந்தால் முதல் வேலை மைதா மூட்டையைப் பிரிப்பது. 50 கிலோ மூட்டை. மிஷினில் இரண்டு ஈடாகப் போடுவோம். ஈஸ்ட், சர்க்கரை, டால்டா எல்லாவற்றையும் மாஸ்டர் தராசில் நிறுத்துத்தான் போடுவார். உப்புக்கு மட்டும் தராசு கிடையாது. ஒரு கிலோ தூள் உப்புப் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்து, முதல் ஈட்டுக்குப் பாதி, அடுத்த ஈட்டுக்கு மீதி. மூட்டைக்கு ஒரு பாக்கெட், அவ்வளவுதான் கணக்கு. மாவில் நூற்றுக்கு இரண்டு பங்கு உப்பு என்பது அவர் கண்டுபிடித்த விஷயமில்லை. உலகம் முழுக்க பிரெட் போடுகிறவர்கள் ஏறக்குறைய அந்த அளவில்தான் போடுகிறார்கள்.

இப்போது கணக்குப் பாருங்கள். 50 கிலோ மைதாவில் தண்ணீர், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சேர்ந்து வெந்து வரும்போது சுமார் 75 கிலோ பிரெட் கிடைக்கும். அதற்குள் ஒரு கிலோ உப்பு. அப்படியானால் 100 கிராம் பிரெட்டில், அதாவது நாலு துண்டில், கிட்டத்தட்ட 1.3 கிராம். 400 கிராம் பெரிய பாக்கெட்டில் ஐந்து கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. ஒரு பெரிய பிரெட் பாக்கெட்டுக்குள் ஒரு ஆளின் ஒரு நாள் உப்பு மொத்தமாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் வாயில் போட்டால் லேசாக இனிக்கத்தான் செய்யும், சர்க்கரையும் இருக்கிறதே. அங்கேதான் ஆள் ஏமாறுவது.

உப்பே இல்லாமல் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு தடவை போட்டோம், தெரியாமல்தான். புதிதாக வந்த பையன் இரண்டாவது ஈட்டுக்கு மீதிப் பாதி உப்பைக் கொட்ட மறந்துவிட்டான். ஈஸ்ட்டுக்குக் கடிவாளம் இல்லாமல் போனதால் மாவு அவசர அவசரமாகப் பொங்கி டின்னை விட்டு வழிந்தது. தொட்டால் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. வெந்து வந்த பிரெட்டுக்கு நிறமே ஏறவில்லை, சோகை பிடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. வாங்கிப் போன டீக்கடைக்காரர்கள் பத்து மணிக்கே திருப்பிக் கொண்டுவந்து போட்டார்கள். மாமா அன்றைக்குப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பிரெட்டில் உப்பு ருசிக்கு மட்டும் இல்லை. மாவுக்கு இழுவை கொடுப்பது, ஈஸ்ட்டை அடக்கி வைப்பது எல்லாம் அதன் வேலை. குறைக்கலாம், ஒரேயடியாக எடுத்துவிட முடியாது.

இனி அம்மா கதை. ஊர் உசிலம்பட்டிப் பக்கம். ஒரு நாள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வருகிற சுகாதாரத் தன்னார்வலப் பெண் வந்து பிரஷர் பார்த்தார். 168/96. மாத்திரை ஒழுங்காகத்தான் போடுகிறாள் என்று டப்பாவைக் காட்டினோம். சாப்பாட்டைக் கேட்டார். அம்மா பெருமையாகச் சொன்னாள்: "ஊறுகாயைத் தொடுறதே இல்லைம்மா. குழம்புல அரை உப்புதான்." அந்தப் பெண் திண்ணையில் இருந்த ரஸ்க் பாக்கெட்டைப் பார்த்தார்.

"இது யாருக்குப் பெரியம்மா?"

"எனக்குத்தான். பிரஷர்காரி சோறு திங்கக் கூடாதுல்ல? காலையில ரஸ்க்கு, ராத்திரி பாலும் பிரெட்டும். மத்தியானம் மட்டும் கம்மங்கூழு."

கூழுக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்று அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். மோர் மிளகாய்.

பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எனக்கு எங்கேயோ சுருக்கென்றது. அந்த பிரெட்டும் ரஸ்க்கும் வாரா வாரம் மாமா கடையிலிருந்து நான் வாங்கிப் போய்க் கொடுத்தவை. ரஸ்க் என்பது வேறு ஒன்றும் இல்லை, பிரெட்டைத் துண்டு போட்டு மறுபடி அடுப்பில் வைத்துக் காயவைத்தது. தண்ணீர் போய்விடும், உப்பு எங்கே போகும்? எடைக்கு எடை பார்த்தால் பிரெட்டை விட ரஸ்க்கில்தான் உப்பு அடர்த்தி.

நம் ஊரில் காய்ச்சல் வந்தால் பிரெட், ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போனால் ஒரு பிரெட் பாக்கெட்டும் ஆரஞ்சும். அப்படியே பழகி, பிரெட் என்றால் நோயாளிக்கு ஏற்ற பண்டம் என்று மனசில் பதிந்துவிட்டது. காய்ச்சல்காரனுக்குச் சரி. பிரஷர்காரருக்குச் சோற்றை விட பிரெட் ஒரு படி மோசம். காரணம் எளிது. பெரும்பாலான வீடுகளில் சோறு வடிக்கும்போது நாம் உப்புப் போடுவதில்லை. வெறும் சோற்றில் சோடியம் இல்லை என்றே சொல்லலாம். உப்பு எல்லாம் குழம்பு, ரசம், கூட்டு, அப்பளம், ஊறுகாயில். அவற்றில் குறைக்க வேண்டும் என்றால் நம் கை நம் கையில் இருக்கிறது. பிரெட்டில் உப்பு போட்டது மூன்றரை மணிக்கு எழுந்த எங்கள் மாஸ்டர். நீங்கள் தட்டில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

உப்பு கூடினால் பிரஷர் ஏன் கூடுகிறது என்றால், ரத்தத்தில் சோடியம் ஏறினால் உடம்பு அதற்கு ஈடாகத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடுதல் சோடியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றும் வரைக்கும் குழாயில் ஓடுகிற ரத்தத்தின் அளவு கூடும், சுவரில் அழுத்தம் கூடும். வயசானவர்களுக்கும் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இது இன்னும் சுலபமாக நடக்கும்.

ஆனால் "அப்படியானால் தானியமே கெடுதல்" என்று தாவிவிட வேண்டாம். அமெரிக்காவில் டேஷ் என்று ஒரு ஆய்வு நடந்தது, முடிவு 1997இல் வெளிவந்தது. 459 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வகைச் சாப்பாடு கொடுத்தார்கள். பழம், காய்கறி, கொழுப்பு குறைந்த பால், தவிடு நீக்காத தானியம், பருப்பு, கொட்டை எல்லாம் கொண்ட சாப்பாட்டைச் சாப்பிட்ட பிரிவில், ஏற்கெனவே பிரஷர் இருந்தவர்களுக்கு வழக்கமான அமெரிக்கச் சாப்பாடு சாப்பிட்டவர்களை விட மேல் அளவு சுமார் 11 புள்ளி கூடுதலாக இறங்கியது. இதில் கவனிக்க வேண்டியது, மூன்று பிரிவுக்கும் உப்பு ஒரே அளவு. தானியத்தையும் யாரும் ஒதுக்கவில்லை, ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பங்கு கொடுத்தார்கள். பிறகு 2001இல் வந்த அடுத்த ஆய்வில் அதே சாப்பாட்டோடு உப்பையும் குறைத்தபோது இன்னும் இறங்கியது. ஆக உப்பு ஒரு பக்கம், தானியம் எந்த நிலையில் வருகிறது என்பது இன்னொரு பக்கம்.

கோதுமையின் பொட்டாசியம், மெக்னீசியம், நார் எல்லாம் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும்தான் இருக்கின்றன. சோடியத்தை வெளியே தள்ளச் சிறுநீரகத்துக்குத் துணை நிற்பது பொட்டாசியம். மைதா என்பது தவிடும் முளையும் போன வெள்ளைப் பகுதி. ஆக பிரெட் போடும்போது நாங்கள் செய்ததைச் சுருக்கமாகச் சொன்னால், பொட்டாசியம் போன மாவில் சோடியத்தைக் கொட்டினோம்.

பிரவுன் பிரெட் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாக்கெட்டைத் திருப்பிச் சேர்மானத்தில் முதலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மைதா முதலில் இருந்தால் அது மைதா பிரெட்தான். பல பாக்கெட்டுகளில் அந்தப் பழுப்பு நிறத்துக்குக் காரணம் கேரமல், கருக்கிய சர்க்கரை. அதே பின்பக்கத்தில் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்றும் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 100 கிராமுக்கு 480 என்று போட்டிருந்தால் 1.2 கிராம் உப்பு. கோதுமை பிரெட்டாகவே இருந்தாலும் இந்த எண் குறையாது, அதுதான் வேடிக்கை. நார் கிடைக்கும், உப்பு அப்படியே.

இதைச் சட்டம் போட்டே குறைத்த நாடு உண்டு. தென்னாப்பிரிக்காவில் பிரெட்டும் ஏழை பணக்காரர் எல்லாருக்கும் அன்றாடச் சாப்பாடு. அங்கே 2016இல் 100 கிராம் பிரெட்டில் 400 மில்லிகிராம் சோடியத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள், 2019இல் அதை 380 ஆக இறக்கினார்கள். இதை மாமாவிடம் சொன்னேன். "அங்க டீக்கடைக்காரன் திருப்பிக் கொண்டாந்து போட மாட்டானாடா?" என்றார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் மூட்டைக்கு முக்கால் பாக்கெட் போட்டுப் பார்த்தோம். ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. மாஸ்டர் மட்டும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓட்ஸ் நல்லதுதான், வெறும் ஓட்ஸாக இருந்தால். அதன் பெரிய பெயர் கொழுப்பைக் குறைப்பதில், பிரஷரில் கிடைக்கிற பலன் கொஞ்சம்தான். மசாலா ஓட்ஸ் என்று குட்டிப் பாக்கெட்டில் வருகிறதே, அதன் சோடியம் எண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கார்ன்ஃபிளேக்ஸிலும் உப்பு போட்டுத்தான் செய்கிறார்கள். சப்பாத்தி வீட்டில் உப்பில்லாமலே போடலாம், குருமாவோடு சாப்பிடும்போது வித்தியாசம் தெரியாது. கேழ்வரகு, கம்பு, சோளம் எல்லாம் தாராளமாக. இட்லி மாவில் உப்பு உண்டு, ஆனாலும் அரைக்கிறவர் நாம்தான். அதை விட சாம்பார், சட்னி, மேலே தூவுகிற பொடி மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் இருக்கிறது, பஜ்ஜி போண்டாவில் ஆப்பசோடா, இரண்டும் சோடியம்தான், உப்புக் கரிக்காது என்பதால் கணக்கில் சேர்வதில்லை.

மதுரைக்காரனிடம் பரோட்டாவைக் கேட்காமல் விட்டீர்களே. மைதா, உப்பு, எண்ணெய், மேலே குளம் மாதிரி சால்னா. ரெண்டு பரோட்டா சாப்பிட்டு இலையில் சால்னாவை வழித்தால் அன்றைய உப்பு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. எனக்கு இருக்கிறது. மாசம் ரெண்டு தடவை, சால்னாவைத் தனிக் கிண்ணத்தில் வாங்கித் தொட்டுக்கொள்கிறேன். கடைக்காரப் பையன் ஏதோ வெளியூர்க்காரனைப் பார்ப்பது போலப் பார்ப்பான்.

கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று ஒன்று விற்கிறது. அதில் சோடியத்துக்குப் பதில் ஒரு பங்கு பொட்டாசியம். பலருக்கு அது உதவும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை ஏற்றும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. உங்கள் அப்பா என்ன மாத்திரை போடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். சாப்பாட்டை மாற்றியதை நம்பி மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள்.

அம்மாவுக்கு ராத்திரிச் சோற்றைத் திருப்பிக் கொடுத்தோம். அளவாக, கீரையோடு. காலையில் ரஸ்க்குக்குப் பதில் கேழ்வரகுக் கஞ்சி. நாலு மாசம் கழித்து அளந்தபோது 138/84. அதற்குள் டாக்டர் மாத்திரையும் ஒன்று மாற்றியிருந்தார், அதனால் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ரஸ்க்கை அம்மா முணுமுணுக்காமல் விட்டுவிட்டாள். மோர் மிளகாய் விஷயத்தில்தான் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. போன வாரம் கேட்டபோது, "ஒண்ணே ஒண்ணுதான்யா, அதையும் ஒடிச்சுப் பாதிதான் கடிச்சேன்" என்றாள். மீதிப் பாதியைத் தட்டில் தேடினேன், காணோம்.