விழுகிறவனைப் பார்

அன்புள்ள அண்ணாவுக்கு,

குமாரபாளையத்தில் சிறிய விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது முப்பத்தெட்டு. பள்ளி நாட்களில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற அமெரிக்க மல்யுத்த நிகழ்ச்சி என்றால் எனக்கு உயிர். வீரர்கள் படம் போட்ட ட்ரம்ப் கார்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தவன். அண்டர்டேக்கர் என்ற வீரருக்கு ஏழு உயிர் என்று சத்தியம் செய்தவன். இப்போது என் பத்து வயது மகன் பார்க்கிறான். எனக்கு இன்றைய மல்யுத்தம் பிடிக்கவில்லை. அன்று உண்மையாக அடித்துக்கொண்டார்கள், ரத்தம் வந்தது. இன்று கரணம் அடிக்கிறார்கள், மைக்கைப் பிடித்துப் பேசுகிறார்கள்.

2025 டிசம்பரில் ஜான் சீனா தன் கடைசிச் சண்டையில் குந்தரிடம் தோற்றபோது மகன் அழுதுவிட்டான். "எல்லாம் முன்பே எழுதி வைத்த நாடகம், இதற்கா அழுகிறாய்" என்று சிரித்தேன். அன்றிலிருந்து அவன் என்னோடு உட்கார்ந்து பார்ப்பதில்லை. கைபேசியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறான். நாம் பார்த்தது உண்மை, அவன் பார்ப்பது பொய் என்று நான் நினைப்பது தவறா? பழைய மல்யுத்தம் பற்றி ஒரு கட்டுரையில் நீங்கள் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். விரிவாக எழுதக் கூடாதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், குமாரபாளையம்)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் மாடிக்குப் போகும் அந்தப் பையனைப் பற்றிய வரியை நான்கைந்து முறை படித்தேன். அந்த ஒரு வரிக்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்த சண்டைகளும் முன்பே முடிவு செய்யப்பட்டவைதான். அந்த நிறுவனமே 1989-இல் நியூஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தின் முன் அதை ஒப்புக்கொண்டது. குத்துச்சண்டைக்கு இருப்பதுபோன்ற அரசுக் கண்காணிப்பு தங்களுக்கு வேண்டாம், ஏனென்றால் தாங்கள் நடத்துவது போட்டி அல்ல, கேளிக்கை என்றார்கள். அப்போது உங்களுக்கு ஒரு வயது இருந்திருக்கும். ஆகவே, நீங்கள் கார்டு விளையாடிய காலம் முழுவதும் அது வெளிப்படையான நாடகம். நம் ஊருக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் முன்பே முடிவு செய்தது என்றால் பொய் என்று ஆகிவிடுமா? இந்த இடத்தில்தான் நீங்கள் சறுக்குகிறீர்கள். உங்கள் மகன் சறுக்கவில்லை.

நான் உங்களைவிடப் பத்து வயது மூத்தவன். மல்யுத்தத்தை எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அந்தியூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த என் அப்புச்சி, அம்மாவின் அப்பா. தொண்ணூறுகளின் நடுவில் அவர் ஊரில் ஒரே ஒரு வீட்டில்தான் கேபிள் இணைப்பு இருந்தது. அவருக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்து தெரியாது. தாராசிங், கிங்காங் என்ற பழைய மல்யுத்த வீரர்களின் பெயர்கள் தெரியும். வாசல் திண்ணையில் வெற்றிலைப் பையோடு உட்கார்ந்து, சன்னல் வழியாக அந்தப் பெட்டியைப் பார்ப்பார். யோகோசுனா நினைவிருக்கிறதா? மலை போன்ற உடம்பு. அவர் முன்னால் பெயர் தெரியாத ஒருவனை நிறுத்துவார்கள். மூன்று நிமிடம் அடி வாங்கிவிட்டுப் போய்விடுவான். அப்படித் தோற்பதற்காகவே அழைத்து வரப்படுபவர்கள் அன்று வாராவாரம் உண்டு. சிறுவர்கள் எல்லோரும் யோகோசுனாவைப் பார்த்துக் கத்துவோம். அப்புச்சி ஒரு நாள் சொன்னார்: "அடிக்கிறவனை விடு. விழுகிறவனைப் பார். வேலை செய்கிறவன் அவன்தான்."

அன்று புரியவில்லை. பிறகு புரிந்தது. ஒருவனைத் தலைக்கு மேல் தூக்கிப் போடும்போது, தூக்கப்படுபவன் தானும் சேர்ந்து எழும்பினால்தான் அது நடக்கும். பாதி உழைப்பு அவனுடையது. ரிங் என்பது இரும்புச் சட்டம், அதன் மேல் பலகை, அதன் மேல் மெல்லிய மெத்தை, அதன் மேல் துணி. அதில் விழும்போது முகவாயை மார்போடு ஒட்டவைத்து, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி, இரண்டு கைகளையும் தரையில் அறைந்து விழ வேண்டும். அடி ஓரிடத்தில் இறங்காமல் பரவுவதற்காக. இதை ஓர் இரவில் பத்து முறை, வாரத்தில் நான்கைந்து இரவுகள், இருபது ஆண்டுகள்கூட அன்று செய்தார்கள். முடிவு பேசி வைத்தது. பலகை பேசி வைத்தது அல்ல.

1987-இல் பான்டியாக் நகரத்தில் ஹல்க் ஹோகன், ஆந்த்ரே என்ற ராட்சத மனிதரைத் தூக்கிப் போட்டதை எல்லோரும் சொல்வார்கள். அரங்கில் 93,173 பேர் என்று அறிவித்தார்கள். அது கூட்டிச் சொன்ன கணக்கு என்பவர்களும் உண்டு. ஆந்த்ரேயின் எடை 520 பவுண்டு என்றார்கள், ஏறத்தாழ 236 கிலோ. அந்த மனிதர் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, வலியோடு வந்து நின்றவர். அவர் விரும்பாமல் உலகத்தில் யாரும் அவரைத் தூக்கியிருக்க முடியாது. அன்று பட்டம் ஹோகனிடம் இருந்தது, இரவைத் தந்தவர் ஆந்த்ரே. அதே மேடையில் அன்றே ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் பதினைந்து நிமிடத்துக்கும் குறைவாக ஒரு சண்டை போட்டார்கள். சாவேஜ் ஒவ்வோர் அசைவையும் முன்கூட்டியே எழுதி மனப்பாடம் செய்து வந்தவர். என்னைக் கேட்டால் ஹோகன் சண்டையைவிட அதுதான் மேல். தோற்ற சாவேஜை ஒரு கணம்கூடக் கண்ணிலிருந்து விட முடியாது.

இப்போது நான் சொல்ல வந்த சண்டைக்கு வருகிறேன். 1997 ஆகஸ்டு 3, சம்மர்ஸ்லாம் என்ற நிகழ்ச்சி, இடம் மறுபடியும் நியூஜெர்சி. ஸ்டீவ் ஆஸ்டினும் ஓவன் ஹார்ட்டும். ஆஸ்டின் வெல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. நடுவில் ஓவன் அவரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்டினின் தலை இருக்க வேண்டிய உயரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. உச்சந்தலை தரையில் மோதியது. கழுத்து அடிபட்டு, கை கால் சிறிது நேரம் அசையவில்லை. ஓவனுக்கு அது தெரிந்துவிட்டது. உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது, எதிரே படுத்திருப்பவர் எழ முடியாதவர், தான் அவரிடம் தோற்க வேண்டும். என்ன செய்தார் தெரியுமா? கூட்டத்தைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார். கேலி செய்தார், முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார். ஆஸ்டினுக்கு உயிர் திரும்ப நேரம் வாங்கிக்கொடுத்தார். ஆஸ்டின் முழங்காலும் கையுமாக ஊர்ந்து வந்து, பின்னாலிருந்து இழுக்க வலுவே இல்லாமல் இழுத்தார். ஓவன் தானே உருண்டு தோளைத் தரையில் வைத்தார். தோள் தரையில் பட்டிருக்க நடுவர் மூன்று எண்ணினால் தோல்வி. ஒன்று, இரண்டு, மூன்று.

நிற்க முடியாதவரிடம் தோற்றுக்காட்டிய அந்த அரை நிமிடம், தம்பி, நான் பார்த்த நடிப்புகளிலெல்லாம் பெரியது. அடிபடக் காரணமானவரும் அவர்தான், அதுவும் உண்மை. ஆஸ்டின் பிறகு கழுத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 2003-இல் முழுநேர மல்யுத்தத்தை விட்டார்.

நம் பக்கத்தில் அண்ணன்மார் கதையை உடுக்கடித்து விடிய விடியப் பாடுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பொன்னரும் சங்கரும் மாண்டுபோவார்கள் என்று தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர் உண்டா? அவர்கள் மாளும் படுகளத்தில் ஆட்கள் சாமி வந்து சாய்கிறார்கள், தங்கை தங்காள் அழுகிறாள், ஊர்ப் பெண்களும் சேர்ந்து அழுகிறார்கள். தீர்த்தம் தெளித்து எழுப்பப்போகிறார்கள் என்று தெரிந்தும் அழுகிறார்கள். என் அப்புச்சி ஒவ்வோர் ஆண்டும் சங்கர் சாயும் இடத்தில் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். படுகளம் வழிபாடு, மல்யுத்தம் வியாபாரம். இரண்டையும் ஒரே தட்டில் நான் வைக்கவில்லை. கண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முடிவு தெரிந்தவன் அழக் கூடாது என்று நம் ஊரில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை.

ரத்தம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் பாதி, நெற்றியில் பிளேடால் தாமே கீறிக்கொண்டு வரவழைத்தது. மீதி நிஜம்தான், அதன் விலையை நாம் கொடுக்கவில்லை. 1998 ஜூனில் பிட்ஸ்பர்க்கில் மிக் ஃபோலி கூண்டின் உச்சியிலிருந்து ஏறத்தாழ ஐந்து மீட்டர் கீழே மேசை மேல் விழுந்ததைக் கைதட்டிப் பார்த்தோம். அடுத்த ஆண்டு மே மாதம் கன்சாஸ் நகரத்தில், கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் காட்சியில் கொக்கி விடுபட்டு ஓவன் ஹார்ட் விழுந்து இறந்தார். அதே ஓவன்தான். அன்று இரவு நிகழ்ச்சியை நிறுத்தாமல் தொடர்ந்து நடத்தினார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. தலையில் நாற்காலியால் அடிப்பதை 2010-இல்தான் தடை செய்தார்கள். உங்கள் மகன் பார்க்கும் மல்யுத்தத்தில் ரத்தம் குறைவு என்பதைக் குறையாக எழுதாதீர்கள். தலையில் அடிபடாத எவரோ ஒருவர் தன் பிள்ளைகளின் பெயரை மறக்காமல் முதுமையடைவார்.

பெண்களின் கதையும் அப்படித்தான். நாம் பார்த்த நாட்களில் அவர்களுக்குக் கொடுத்த இடத்தை இப்போது வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்க முடியாது. 2015 பிப்ரவரியில்கூட ஒரு பெண்கள் சண்டையை அரை நிமிடத்தில் முடித்தார்கள். ரசிகர்கள் பொங்கி எழுந்த பிறகுதான் மாறத் தொடங்கியது. 2019-இல் ஆண்டின் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் கடைசிச் சண்டை முதன்முறையாகப் பெண்களுடையதாக இருந்தது. என் தங்கை மகள், ரியா ரிப்ளி என்ற வீராங்கனையின் படத்தைப் படிக்கும் மேசைமேல் ஒட்டி வைத்திருக்கிறாள். என் தங்கைக்கு அவள் வயதில் ஒட்ட ஒரு படம் இருக்கவில்லை.

உங்கள் குறை முழுவதும் தவறு என்று சொல்ல மாட்டேன். இன்று ஒருவரின் பெயர் சொல்லும் அடியை எதிராளி மூன்று முறை வாங்கிவிட்டு மூன்று முறையும் தோளைத் தூக்குகிறார். அடிக்கு மதிப்புப் போய்விட்டது. 2009-இல் ஹூஸ்டனில் அண்டர்டேக்கரின் பெயர் சொல்லும் அடியான டூம்ஸ்டோனிலிருந்து ஷான் மைக்கேல்ஸ் தோளைத் தூக்கியபோது, அண்டர்டேக்கர் முகத்தில் வந்த திகைப்பு நம் முகத்திலும் வந்தது. காரணம், அது அபூர்வமாக நடந்தது. வாராவாரம் நடந்தால் திகைப்பு எங்கே? இன்னொன்று நேரம். 1993-இல் 'ரா' என்ற வாராந்திர நிகழ்ச்சி தொடங்கியபோது ஒரு மணி நேரம். 2012-இல் மூன்று மணி நேரம் ஆக்கினார்கள். பசித்தவனுக்குப் போடும் சோறும், வயிறு நிறைந்தவன் இலையில் மேலும் மேலும் கொட்டும் சோறும் ஒன்றாகுமா?

ஆனாலும் தோல்விக்கு மரியாதை செய்யும்போது இன்றைய மல்யுத்தமும் எழுந்து நிற்கிறது. ரோமன் ரெய்ன்ஸ் 1,316 நாள் பட்டம் வைத்திருந்தார். அதற்கு நடுவே 2023 ரெஸில்மேனியாவில் கோடி ரோட்ஸ் அவரிடம் தோற்றார். ஊரே அவர் வெல்வார் என்று காத்திருந்த இரவு அது. ஓர் ஆண்டு முழுவதும் அந்தத் தோல்வியைச் சுமந்து நடந்து, 2024 ஏப்ரலில் வென்றார். அந்த ஓர் ஆண்டு இல்லையென்றால் அந்த வெற்றிக்கு எடையே இல்லை.

இனி, சீனா. 'ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே' என்று துண்டில் அச்சடித்துப் பல ஆண்டுகள் தூக்கிக் காட்டியவர் அவர். கடைசிச் சண்டையில், குந்தரின் கைப்பிடிக்குள் கழுத்து சிக்கியிருக்க, முகத்தில் ஒரு சிறு புன்னகை வந்தது. பிறகு கையைத் தட்டி விட்டுக்கொடுத்தார். அரங்கமே கோபத்தில் கூச்சலிட்டது. எனக்கும் அன்று ஏற்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்தேன். போகும்போது தன்னிடம் இருந்ததையெல்லாம் அடுத்தவன் கையில் வைத்துவிட்டுப் போகிறார். விழத் தெரிந்தவர் விழுந்தார். உங்கள் மகன் அதைச் சரியாகப் பார்த்திருக்கிறான். ஏழு உயிர் என்று சத்தியம் செய்த உங்களைப் பார்த்து அன்று யாராவது சிரித்திருந்தால் எப்படி இருந்திருக்கும்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை, தறி ஓடாத நேரத்தில், நீங்கள் மாடி ஏறிப் போங்கள். அவனைக் கீழே கூப்பிடாதீர்கள். சிரித்தது தப்பு என்று சொல்லிவிடுங்கள். பிறகு அந்த 1997 சண்டையைப் போடுங்கள். ஓவன் ஹார்ட் முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கத்தும் இடத்தில் நிறுத்தி, இவர் ஏன் இப்படிச் செய்கிறார் என்று அவனிடம் கேளுங்கள். அவன் என்ன சொன்னான் என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்